ஊர்காவற்துறை: கப்பல் வராத துறையில் ஒரு கடைத்தெரு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அம்மனைக் கும்பிட்டு, மடத்தில அன்னதானம் சாப்பிட்டு, அடுத்த படகைப் பிடிக்க ஓடுற அவசரத்தில எங்களில் முக்கால்வாசிப் பேர் அதைக் கவனிக்கிறதே இல்லை. பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெட்டுவித்த ஆணை அது. சிங்கள அரசன் ஒருவன், தமிழில், ஒரு சின்னத் தீவில வெட்டுவித்தது எண்டவுடன ஏதோ போர், வெற்றி, தானம் பற்றி இருக்கும் எண்டுதான் நினைப்பம். அப்படியில்லை. வாசிக்கக் கிடைக்கிற பகுதி பேசுறது வியாபாரத்தைப் பற்றி.

சுருக்கமாகச் சொன்னால் விசயம் இதுதான். பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு வந்து தங்க வேணும். அவர்களுக்குப் பாதுகாப்புக் குடுக்க வேணும். பல துறைகளிலிருந்தும் ஆக்கள் வந்து எங்கட துறையில கூட வேணும். யானையும் குதிரையும் கொண்டு வாற கப்பல் உடைஞ்சால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு சொந்தக்காரருக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைஞ்சால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி சொந்தக்காரருக்கு.

அந்த ஊராத்துறைதான் இண்டைக்கு நாங்கள் யாழ்ப்பாணத்தில பஸ் ஏறி, பண்ணைத் தாம்போதி தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை கடந்து போய் இறங்கிற ஊர்காவற்துறை.

கம்பஸில வரலாறு படிக்கிற எங்களுக்குத் தீவகம் பெரும்பாலும் ஒரு அடிக்குறிப்பாகத்தான் வரும். அபிவிருத்தி அறிக்கைகளில் அது 'பின்தங்கிய பிரதேசம்'. யாழ்ப்பாணப் பேச்சில சிலர் 'தீவார்' எண்டு சொல்லுற தொனியும் எங்களுக்குத் தெரியும். எங்களில் இரண்டு பேர் அந்தத் தொனியை வகுப்பறையிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். எண்ணூறு வருசத்துக்கு முதல் ஒரு அரசன் 'எல்லாரும் அங்க வாருங்கோ' எண்டு கல்லில வெட்டிக் கூப்பிட்ட இடம், எப்படிப் 'பின்தங்கியது' ஆனது? தானாகப் பின்தங்கினதா, அல்லது பின்னுக்குத் தள்ளப்பட்டதா? இந்தக் கேள்வியோடதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

துறை எப்படி ஊர் ஆனது

வரைபடத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. வேலணைத் தீவின் வடமேற்கு முனையில ஊர்காவற்துறை. நேர் எதிரில காரைநகர். இரண்டுக்கும் நடுவில ஒடுங்கின கடல். அந்தக் கடலுக்கு நடுவில ஒரு திட்டு, அதில கடற்கோட்டை. இரண்டு பக்கமும் தரை மறைப்பதால் திறந்த கடலின் காற்றும் அலையும் அந்த இடத்தில குறையும். பாக்குநீரிணையைக் கடந்து வாற பாய்க்கப்பலுக்கு இதைவிட வேற என்ன வேணும்? ஊர்காவற்துறையை உருவாக்கினது யாரும் போட்ட திட்டமில்லை. இந்த ஒடுங்கின கடல்தான்.

ஒரு துறை ஊராக மாறுவதற்குக் கப்பல் மட்டும் போதாது. சரக்குக் கைமாற வேணும். கடலால வந்தது வண்டிக்கு மாறுற இடத்தில, வண்டியால வந்தது கடலுக்கு மாறுற இடத்தில, இடையில நிற்கிறவனுக்கு வேலை இருக்கும். இறக்க ஆள் வேணும், நிறுக்க ஆள் வேணும், வைக்கக் கிட்டங்கி வேணும், கப்பல் ஓட்டை அடைக்க ஓடாவி வேணும், மொழிபெயர்க்க ஒருத்தன் வேணும், காத்து மாறும் வரைக்கும் காத்திருக்கிற மாலுமிக்குச் சோறும் கள்ளும் வேணும். இந்த வேலைகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு துறைமுகப் பட்டினம்.

போர்த்துக்கேயர் காலத்தில இந்தத் துறையின் முக்கியமான சரக்கு யானை. வன்னிக் காட்டில பிடிச்ச யானைகளைக் குடாநாட்டுக்குள்ளே நடத்திக் கொண்டு வருவார்கள். ஆழம் குறைந்த கடல்நீரேரியை அவை கடந்த இடம்தான் ஆனையிறவு. பிறகு இங்கே கொண்டு வந்து கப்பலில ஏற்றுவார்கள். 'யானைகளின் துறை' எண்டு போர்த்துக்கேயர் இதை அழைத்தார்கள். அவர்கள் மொழியில் 'காய்ஸ்' எண்டால் கப்பல் கட்டும் துறை; ஆங்கிலப் பெயர்ப்பலகையில இண்டைக்கும் இருக்கிற 'கயிற்ஸ்' அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒரு ஊரின் பெயர் இரண்டு மொழியிலும் 'துறை' எண்டே இருக்கிறதை யோசிச்சுப் பாருங்கோ. வந்தவன் எவனாக இருந்தாலும் இந்த ஊரை அதன் தொழிலை வைச்சுத்தான் அடையாளம் கண்டிருக்கிறான்.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கடற்கோட்டையில இருந்த போர்த்துக்கேயப் படை சரணடைய முக்கியமான காரணம் குடிதண்ணி இல்லாமல் போனது. இதை இப்போதே மனதில வைச்சுக்கொள்ளுங்கோ, தண்ணிப் பிரச்சினைக்குப் பிறகு திரும்ப வருவம். ஒல்லாந்தர் கோட்டைக்கு வைச்ச பெயர் 'ஹம்மன்ஹீல்'. பன்றித் தொடையின் குதிக்கால் எண்டு அர்த்தம். இலங்கையின் வடிவம் அவர்களுக்குத் தொடை இறைச்சி மாதிரித் தெரிஞ்சிருக்கு!

தீவுகளுக்கும் புதுப் பெயர். வேலணை லைடன் ஆனது, காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்ஃப்ற். இதில அம்ஸ்டர்டாமும் மிடில்பேர்க்கும் டெல்ஃப்றும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கிளைச் சபைகள் இருந்த ஊர்கள். அதாவது ஒரு வியாபாரக் கம்பனி, தன்னுடைய கிளைகளின் பெயரை எங்கட தீவுகளுக்கு வைச்சது. கம்பனி யானையை விட்டுவிடவும் இல்லை. வன்னியர்களிடமிருந்து திறையாக யானை வாங்கி யாழ்ப்பாணத்தில ஏலம் விட்டது. கோல்கொண்டா போன்ற இடங்களிலிருந்து வணிகர்கள் வந்து வாங்கிப் போனார்கள். துணிக்குச் சிவப்பு நிறம் குடுக்கிற சாயவேரைத் தோண்டுறதும் விற்கிறதும் கம்பனியின் கட்டுப்பாட்டில இருந்தது. தோண்டினவர்கள் எங்கட ஆக்கள், விலை வைச்சது கம்பனி. இந்த ஒழுங்கு பிறகும் பலமுறை திரும்ப வரும்.

போனது புகையிலை, வந்தது அரிசி

ஆங்கிலேயர் காலத்தில யானை போய்ப் புகையிலை வந்தது. யாழ்ப்பாணப் புகையிலைக்கு மலையாளக் கரையில, முக்கியமாகத் திருவிதாங்கூரில, நல்ல கேள்வி இருந்தது. வேலணை, புங்குடுதீவு தோட்டங்களில விளைஞ்சதும் அந்தச் சந்தையை நம்பித்தான். புகையிலையும் பனஞ்சிலாகையும் பனை வளையும் தோணியில போகும். திரும்பி வரும்போது அரிசியும் ஓடும் துணியும் வரும். குடாநாட்டின் நெல் குடாநாட்டுக்கே காணாது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி வந்தால்தான் உலை வைக்கலாம். அந்த அரிசி இறங்கின துறைகளில ஊர்காவற்துறையும் ஒன்று.

துறையோட சேர்ந்து ஊரும் வளர்ந்தது. சுங்கம் வந்தது, கத்தோலிக்கத் தேவாலயங்கள் நிமிர்ந்தன, புனித அந்தோனியார் கல்லூரி வந்தது. உலகத் தமிழாராய்ச்சிக்கு வழி போட்ட தனிநாயகம் அடிகள் 1913இல் பக்கத்திலேயே கரம்பொனில் பிறந்தவர். இந்தக் கல்லூரியில படித்தவர். பிறகு அவர் தமிழைக் கப்பலேற்றி நாடு நாடாகக் கொண்டு போனதை நாங்கள் பெருமையாகச் சொல்லுறம். துறைமுகத்தடியில வளர்ந்த பிள்ளைக்குக் கடலுக்கு அங்கால உலகம் இருக்கெண்டு யாரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

மூன்று அடிகள்

பிறகு ஏன் விழுந்தது? ஒரேயடியாக விழவில்லை. மூன்று தரம் அடி விழுந்தது, மூன்றும் தூரத்திலிருந்து விழுந்தது.

முதலாவது கொழும்பு. 1875இல் கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்பு அணை கட்டத் தொடங்கினார்கள். நீராவிக் கப்பல்களுக்கு ஆழமும் நிலக்கரியும் வேணும். ஊர்காவற்துறையின் ஆழம் குறைந்த கடல் பாய்க்கப்பலுக்குத் தாய்மடி. பெரிய கப்பலுக்கு அது ஆகாது.

இரண்டாவது ரயில். 1905இல் கொழும்பு–யாழ்ப்பாணம் பாதை முழுமையானது. அதுவரை தெற்குக்குப் போற சரக்குக்குக் கடலே நல்ல வழி. வன்னிக் காட்டுப் பாதை ஆளையே விழுங்கும். ரயில் வந்த பிறகு சரக்கு கைமாறுற இடம் துறையிலிருந்து ஸ்டேசனுக்கு மாறிட்டுது. ஊர்காவற்துறைக்கு ரயில் வரவில்லை.

மூன்றாவது தலைமன்னார். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியது. இந்தியாவுக்குப் போற ஆளும் தபாலும் அந்த வழியால போனது.

சரக்குக் கைமாறாத இடத்தில வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில இருந்து என்ன செய்யிறது? தீவார் செய்ததைத்தான் நாங்கள் இந்த வரலாற்றின் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதியாகப் பார்க்கிறோம். சரக்கு தங்களிட்ட வராவிட்டால், சரக்கு இருக்கிற இடத்துக்குத் தாங்கள் போனார்கள். அதே ரயிலில ஏறித்தான் போனார்கள்.

ஊர் இங்கே, கடை அங்கே

காரைநகர், புங்குடுதீவு, வேலணை, அனலைதீவு என்று தீவகத்தின் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆக்கள் தெற்கே போய்க் கடை போட்டார்கள். கொழும்பு புறக்கோட்டையிலிருந்து சிங்களக் கிராமங்களின் சந்தி வரைக்கும் பலசரக்குக் கடை, சைவக் கடை, சுருட்டுக் கடை.

கடை நடந்த முறை உங்கட அப்பப்பாவைக் கேட்டாலே தெரியும். பத்துப் பன்னிரண்டு வயதில ஒரு பெடியன் மாமன்ர கடைக்குப் போவான். கூட்டுவான், அள்ளுவான், நிறுப்பான், இரவில கடைக்குள்ளேயே சாக்கு விரிச்சுப் படுப்பான். சம்பளம் கையில வராது. முதலாளியின் கணக்கில ஏறும். சிங்களம் கடைவாசலில படிப்பான். பத்துப் பதினைஞ்சு வருசத்தில அந்தச் சேமிப்பு ஒரு பங்காகவோ, பக்கத்து ஊரில ஒரு புதுக் கடையாகவோ மாறும். பிறகு அவன் ஊரிலிருந்து இன்னொரு பெடியனைக் கூப்பிடுவான். வங்கிக் கடனும் பத்திரமும் இல்லாமல், நம்பிக்கையை மட்டும் முதலாக வைச்சு ஓடின இயந்திரம் அது.

அதே இயந்திரத்துக்கு ஒரு இருண்ட பக்கமும் இருக்கு. நம்பிக்கை என்பது உறவு வழியாகத்தான் ஓடியது. உறவு என்பது சாதி வழியாகத்தான் ஓடியது. மாமன்ர கடை இருக்கிறவனுக்குத்தான் ஏணி. ஒடுக்கப்பட்ட சாதிப் பெடியனை யாரும் கடைக்குக் கூப்பிடவில்லை. 1960களில் யாழ்ப்பாணத்தில தேநீர்க்கடைக்குள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடிக்கிறதுக்கே போராட வேண்டியிருந்தது எண்டால், கல்லாப்பெட்டிக்குப் பின்னால இருக்கிறது எவ்வளவு தூரம்? கடலிலயும் அப்படித்தான். வலையும் வள்ளமும் சம்மாட்டியிடம். உடம்பு மட்டும் தொழிலாளியிடம். 'தீவார் வியாபாரத்தில கெட்டிக்காரர்' எண்டு பெருமைப்படும்போது, எந்தத் தீவார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேணும்.

பெண்களைப் பற்றி இந்தக் கதையில யாரும் எழுதுறதில்லை. ஆம்பிளை வருசத்தில இரண்டு தரம் வருவார். நாகபூசணி அம்மன் தேருக்கு ஒருக்கா, காரைநகர்ச் சிவன் கோயில் திருவாதிரைக்கு ஒருக்கா. மிச்ச நாள் முழுக்கக் காணி, தோட்டம், மாடு, பிள்ளையளின் படிப்பு, சீட்டு, நன்மை தீமை எல்லாம் பார்த்தது பெண்கள். மணியோடர் வந்ததால ஊர் ஓடியது எண்டு சொல்லுவார்கள். மணியோடரைக் காணியாகவும் நகையாகவும் கல்வீடாகவும் மாற்றின கை யாருடையது எண்டு கணக்குப் புத்தகங்கள் எழுதவில்லை.

1947இல் ஊர்காவற்துறைத் தொகுதி முதல் தடவையாகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர் ஏ. எல். தம்பிஐயா. கொழும்புத் துறைமுகத்தில சரக்குப் படகுத் தொழில் நடத்திய முதலாளி அவர். துறைமுகத்தை இழந்த ஊர், இன்னொரு துறைமுகத்தில தொழில் செய்தவரைத் தன் பிரதிநிதியாக்கியது. அந்தக் காலத்துத் தீவகத்தை விளங்கிக்கொள்ள இந்த ஒரு தகவலே போதும்.

சட்டம் மாறினால் அதே தோணி கள்ளத்தோணி

சுதந்திரத்துக்குப் பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை கோடிக்கரைக்கும் நாகபட்டினத்துக்கும் போய் வந்தது வியாபாரம். கடவுச்சீட்டும் விசாவும் இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்த பிறகு அதே தோணியும் அதே துணியும் கடத்தல் ஆனது. 1950களில் வடகரையில இராணுவமும் கடற்படையும் காவலுக்கு நின்றன. கடல் மாறவில்லை, தண்டையலும் மாறவில்லை. கொழும்பில எழுதின ஒரு சட்டம் பரம்பரைத் தொழிலைக் குற்றமாக்கியது.

தெற்கில கடை வைச்சவர்களுக்கோ 1958, 1977, 1983. அந்த மூன்று ஆண்டுகளை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிப்போம். கடை எரியும்போது எரிவது கட்டடமும் சரக்கும் மட்டுமில்லை. கடன் கொப்பியும் எரியும். யார் எவ்வளவு தர வேணும், எந்தப் பெடியன்ர எத்தனை வருசச் சம்பளம் முதலாளியின் கணக்கில கிடக்கு என்பதெல்லாம் அந்தக் கொப்பியில. பத்து வருசம் சாக்கில படுத்தவன்ர முழு வாழ்க்கையும் ஒரு இரவில புகையாகும். 1983க்குப் பிறகு எரிந்த கட்டடங்களையும் தொழில்களையும் அவசரகால விதிகளின் கீழ் அரசு தன் பொறுப்பில எடுத்து, அதற்கென்று ஒரு அதிகாரசபையையும் அமைத்தது. கட்டடத்துக்கு விண்ணப்பம் போடலாம். சாம்பலான கொப்பிக்கு எந்தக் கந்தோரில விண்ணப்பம் போடுறது?

கப்பலில காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி ஊருக்குத் திரும்பினவர்களுக்கு ஊரும் நிலைக்கவில்லை. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகில 20க்கும் மேற்பட்ட பயணிகள், குழந்தைகளும் அடங்க, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவு ஆளுக்குப் படகு என்பது பஸ் மாதிரி; சாமான் வாங்கவும், மருந்தெடுக்கவும், சம்பளம் எடுக்கவும் அதில்தான் ஏற வேணும். அந்தப் படகே கொலைக்களமான பிறகு தீவில வாழ்வது என்றால் என்ன என்பதை நாங்கள் எழுத்தில சொல்ல முடியாது.

1990 ஆகஸ்ட் தொடங்கி 1991 வரையான இராணுவ நடவடிக்கைகளில் தீவகம் படையினர் வசமானது. பெரும்பாலான சனம் பண்ணை தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. பிறகு 1995 வரைக்கும் நகரம் ஒரு பக்கம், தீவு இன்னொரு பக்கம், நடுவில யுத்தமுனை. மண்டைதீவில நின்று பார்த்தால் யாழ்ப்பாணம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் போக ஏலாது. வியாபாரத்துக்கு வேண்டிய மூன்றும், அதாவது ஆள், வழி, நம்பிக்கை, ஒரே நேரத்தில இல்லாமல் போன காலம் அது. ஓடின சனத்தில ஒரு பகுதி யாழ்ப்பாணத்தோட நிற்கவில்லை. பாரிஸ், லண்டன், ரொறன்ரோ, சுவிஸ் என்று போய் அங்கேயும் கடை போட்டது. மாமன்ர கடைக்குப் பெடியனைக் கூப்பிடுற அதே இயந்திரம், கண்டம் மாறி ஓடியது.

இப்ப அங்கே கடை வைச்சால்

இப்ப ஊர்காவற்துறையில ஒரு கடை நடத்துறதெண்டால் கணக்கு என்ன? சாமான் யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வர வேணும், லொறிக் கூலி விலையில ஏறும். சனம் குறைவு, அதனால விற்பனை குறைவு. விற்பனை குறைவெண்டால் மொத்த வியாபாரி விலை குறைக்கமாட்டான். யாழ்ப்பாணம் போற பஸ் வசதியாக இருந்தால் வாடிக்கையாளரே பெரிய சாமானை அங்கே வாங்கிக்கொண்டு, உப்பும் தீப்பெட்டியும் மட்டும் இங்கே கடனுக்கு வாங்குவார். கடன் குடுக்காட்டில் கடை ஓடாது, குடுத்தால் முதல் திரும்பாது. எதிரே கைநீட்டித் தொடுற தூரத்தில காரைநகர் இருக்கு. பாதையில ஏறினால் சில நிமிசம். பாதை ஓடாட்டில் யாழ்ப்பாணத்தைச் சுத்தி 40 கிலோமீட்டர். ஒரு பாதை ஒழுங்காக ஓடுறதும் ஓடாததும் இரண்டு ஊர்ச் சந்தையின் தலையெழுத்தையே மாற்றும்.

அதோட தண்ணி. 1658இல் கோட்டையை விழுத்தின அதே பிரச்சினை இண்டைக்கும் தேத்தண்ணிக் கடையை விழுத்தும். கிணறு உவர், வெயில் காலத்தில பவுசரை எதிர்பார்த்து வாளியோட நிற்கிற நிலை தீவகத்தில பல ஊர்களுக்கு உண்டு. தண்ணிக்கும் காசு குடுத்து ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துறவர் பாணைச் சம்பலோட என்ன விலைக்கு விற்கிறது?

ஏற்றுமதி இல்லாமலும் இல்லை. நண்டு போகுது, கடலட்டை போகுது. வெளிநாட்டில பொன் விலை. ஆனால் பிடிக்கிற இடத்தில விலை தீர்மானிக்கப்படுறதில்லை. கடலட்டைப் பண்ணைகள் வந்த பிறகு இன்னொரு கேள்வியும் எழும்பியிருக்கு. ஆழங்குறைந்த கடலில வேலி அடைச்சால், அதில நடந்து திரிஞ்சு பிடிச்ச சிறுதொழிலாளி எங்கே போறது? கடலை அடைக்கிற அனுமதியை யார் குடுக்கிறது, ஊரைக் கேட்டா? இதுக்கு மேல இந்திய இழுவைப் படகுகள். இரவில வலையை அறுத்துக் கொண்டு போனால் விடியக் கடனாளி.

கடற்கோட்டை இப்ப கடற்படை நடத்துற உல்லாச விடுதி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான காற்று, சூரிய மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது; இந்தியா எதிர்த்தது; 2024 மார்ச்சில் இந்திய நிதியுதவியோட புது ஒப்பந்தம் வந்தது. தீவுகளின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. அந்த மூன்று வருசமும் தீவுச் சனம் மின்பிறப்பாக்கி வெளிச்சத்தில இருந்தது. அம்ஸ்டர்டாம், மிடில்பேர்க் எண்டு பெயர் வைச்ச காலத்துக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை நீங்களே யோசியுங்கோ.

கல்வெட்டில் இருந்த மூன்று

பராக்கிரமபாகுவை நாங்கள் தூக்கிப் பிடிக்க வரவில்லை. அவனுக்குப் படைக்கு யானையும் குதிரையும் வேணும், அதனால அந்தக் கப்பலுக்குச் சலுகை. மற்றச் சரக்குக் கப்பல் உடைஞ்சால் பாதியை எடுத்துக்கொள்ளுறவன் தர்மவான் இல்லை. ஆனாலும் அந்த ஆணையில மூன்று விசயம் தெளிவா இருக்கு. வியாபாரிக்குப் பாதுகாப்பு. எல்லாரும் வந்து கூடுறதுக்கு வழி. நட்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு எண்டு முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு விதி.

இந்த மூன்றையும் இண்டைக்கு ஒரு தீவுக் கடைக்காரரிடமோ, வலை அறுந்த தொழிலாளியிடமோ கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ. பாதுகாப்பின் பெயரில முகாம் இருக்கு. வழி, பாதை ஓடுற நாளில இருக்கு. நட்டம் முழுக்க அவருக்கு. காற்பங்கும் இல்லை, சரிபாதியும் இல்லை.

ஆகவே எங்கட பதில்: தீவகம் பின்தங்கினது இல்லை. ஒவ்வொரு தரமும் வழி வேற யாரோ ஒருத்தரின் கைக்குப் போனது. ஒவ்வொரு தரமும் சனம் புது வழி ஒன்றைக் கண்டுபிடிச்சது. தண்ணி, பாதை, கடல் உரிமை இந்த மூன்றையும் பற்றி ஊரைக் கேட்டு முடிவெடுக்கிற ஒழுங்கு வராத வரைக்கும், அந்தப் புது வழி எப்பவும் ஊரைவிட்டு வெளிக்கிடுற வழியாகத்தான் இருக்கும். எங்கட வகுப்பில படிக்கிற தீவகப் பிள்ளையளில எத்தனை பேர் படிச்சு முடிய அங்கே திரும்பிப் போய் இருக்க நினைக்கினம் எண்டு கேட்டுப் பாருங்கோ.

கடைசியா ஒரு வேண்டுகோள். யானைக் கணக்கை ஒல்லாந்தர் எழுதி வைச்சார்கள், அதனால எங்களுக்கு அது தெரியுது. மாமன்ர கடைக் கணக்கை யார் எழுதி வைச்சது? உங்கட வீட்டுப் பரணில, ட்ரங்குப் பெட்டியில, அப்பப்பா தெற்கில கடை வைச்ச காலத்துக் கணக்குக் கொப்பி, பற்றுச்சீட்டு, மணியோடர்த் துண்டு, கடை வாசலில எடுத்த படம் ஏதாவது கிடந்தால் எறிஞ்சு போடாதேங்கோ. போனிலயாவது படம் எடுத்து வையுங்கோ. அம்மம்மா உயிரோட இருந்தால், மணியோடர் வந்த காசில என்னென்ன செய்தவ எண்டு கேட்டு, அவ சொல்லுறதைப் பதிவு செய்யுங்கோ. எரியாமல் மிஞ்சின கொப்பிகள் சிலதுதான். அதுகளும் கறையானுக்குப் போக முதல் வாசிச்சு முடிக்க வேணும்.